ஜவ்வரிசி ஆலைக் கடனும் கிராமத்தின் ஜலமும்

ஆலை வைப்பதற்குப் பாங்கி கடன் கொடுக்கும்போது ஈடாகக் காட்டப்படுபவை நிலம், கட்டடம், இயந்திரம் ஆகிய மூன்றுமே. ஆயினும் ஈட்டை விற்றுக் கடனைத் தீர்த்துக்கொள்வது எந்தப் பாங்கிக்கும் லாபமன்று. ஆலை ஒழுங்காக ஓடினால்தான் தவணை ஒழுங்காக வரும். ஆலை ஓடுவதோ, அதன் கழிவு ஜலம் எங்கே போய்ச் சேருகிறது, அதில் வேலை செய்யும் ஜனங்கள் எவ்விதம் நடத்தப்படுகிறார்கள், அதற்குக் கிழங்கு கொடுக்கும் நிலம் எத்தனை காலம் தாங்கும் என்னும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. இம்மூன்றும் கடன் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் கடன் கெட்டுப்போவது பெரும்பாலும் இவற்றின் வழியாகவே.

இது பாங்கி உத்தியோகஸ்தர்கள் மட்டும் அறிய வேண்டிய விஷயமன்றோ எனச் சிலர் கேட்கலாம். கூட்டுறவு நாணய சங்கத்தின் பங்கும் டிபாசிட்டும் பெரும்பாலும் குடியானவர்களுடைய பணம். ஆலை நின்றால் விற்க இடமின்றிப் பாழாவது அவர்களுடைய கிழங்கு. கழிவு ஜலம் ஊறினால் கெடுவது அவர்களுடைய கிணறு. ஆகையால் ஆலைக் கடனைப் பற்றி நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகிறது.

தொழில் வந்த விதம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது மலேயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றுபோயிற்று. அக்காலத்தில், அதாவது 1940-களில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் தோன்றியது. பிறகு அது ஆத்தூர், சின்னசேலம் பக்கங்களில் பரவிற்று. ஆலைக்காரர்களின் சரக்கைச் சேர்த்து ஏலமுறையில் விற்றுக்கொடுப்பதற்காக 1981-ல் சேலத்தில் ஏற்பட்ட கூட்டுறவு ஸ்தாபனம் சேகோசர்வ் என்ற பெயரால் அறியப்படுகிறது.

விழுப்புரத்திலிருந்து 2019-ல் பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியில், சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி ஒரு முக்கியமான பணப்பயிராகும். கிழங்கைத் தோண்டி எடுத்தபின் இரண்டு மூன்று நாட்களுக்குமேல் வைத்திருந்தால் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். ஆகையால் நெல்லைப்போலக் குதிரில் போட்டுவைத்து விலைக்காகக் காத்திருக்க இடமில்லை. ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும். அது தவறாமல் ஓடவும் வேண்டும். ஆலைக்குக் கடன் கிடைப்பதில் குடியானவனுக்கு உள்ள நன்மை இதுவே. அக்கடன் தவறான முறையில் கொடுக்கப்பட்டால் அவனுக்கு வரும் தீமையும் இவ்வழியாகவே வருகிறது.

ஆலையில் ஜலம் கெடும் வகை

கிழங்கு முதலில் கழுவப்பட்டுத் தோல் நீக்கப்படுகிறது. பின்னர் அரைக்கப்பட்டு, ஜலம் விட்டுச் சல்லடையில் வடிக்கப்படுகிறது. வடிந்த பால் தொட்டிகளில் தெளியும்போது மாவு அடியில் தங்குகிறது. சல்லடையில் நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது காய்ந்தபின் மாட்டுத் தீவனமாகிறது. மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசியாகும்.

இவ்வேலைகளில் இரண்டு இடங்களில் ஜலம் ஏராளமாகச் செலவாகிறது. ஒன்று கிழங்கு கழுவும் ஜலம். இதில் மண்ணும் தோலும் கலந்திருக்கும். மற்றொன்று தொட்டியில் மாவு தெளிந்தபின் மேலே நிற்கும் ஜலம். இதில் கரைந்த சர்க்கரைப் பொருளும் படியாத மாவும் மிகுதி. மரவள்ளியில் இயற்கையாகவுள்ள சயனைடு சம்பந்தமான விஷப்பொருளும் ஓரளவு இதனுடன் வெளியேறுகிறது.

இந்த ஜலம் தொட்டியை விட்டு வரும்போது பார்வைக்குப் பால் கலந்த ஜலம்போல் இருக்கும். ஓரிரு நாள் தேங்கினால் புளித்து அமிலமாகும். அதன்மேல் அழுகித் துர்நாற்றம் வீசும். ஓடையில் விட்டால், அதிலுள்ள மாவுப்பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஜலத்திலுள்ள பிராணவாயுவை உபயோகித்துவிடுவதால் மீன் மடிகிறது. நிலத்தில் விட்டால் மண்ணின் கண்கள் அடைபட்டு, வேருக்குக் காற்றில்லாமல் பயிர் மஞ்சளிக்கிறது. மண் சுவரிட்ட பள்ளத்தில் தேக்கினால், கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் நிறமும் நாற்றமும் ஏறுகின்றன.

கழிவு ஜலத்தின் கெடுதியை அளக்க, நுண்ணுயிர்கள் அதனைச் சிதைப்பதற்கு வேண்டும் பிராணவாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுப்படி இது ஆறு, ஓடைகளில் விடும் ஜலத்தில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், பாசனத்திற்காக நிலத்தில் விடும் ஜலத்தில் 100 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. அமில கார நிலை 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். சுத்தி செய்யப்படாத ஜவ்வரிசி ஆலைக் கழிவு இவ்வளவைப் பன்மடங்கு மீறி ஆயிரக்கணக்கில் நிற்கும். ஆகவே சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலை சட்டத்திற்கு உட்பட்டு ஓட முடியாது.

ஆலை நின்றால் கடனின் கதி

1974-ஆம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவு ஜலம் வெளியேற்றும் ஆலை, கட்டுவதற்கு முன்னும் ஓடுவதற்கு முன்னும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். 1988-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் ஜலத்தையும் நிறுத்தவும் வாரியம் உத்தரவிடலாம். மாசுபடுத்தியவரே அதனை நீக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் உறுதிப்படுத்தியது.

இவை ஏட்டளவில் நிற்கும் விதிகளல்ல என்பதற்குத் திருப்பூர் அத்தாட்சி. நொய்யல் நதியில் சாயக் கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை ஜலம் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. குடியானவர்களின் வழக்கு வருஷக்கணக்காக நடந்தபின், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. கடன் கொடுத்தவர்கள் கையில் இருந்த ஈட்டுப் பத்திரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் பட்டறையில் வேலை இல்லை.

இதைக் கணக்கில் விளங்கவைக்கலாம். அடியிற் கண்ட தொகைகள் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. ஓர் ஆலைக்கு 50 லட்சம் ரூபாய், நூற்றுக்குப் பத்து வட்டியில், ஏழு வருஷத் தவணைக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம். முதல் வருஷத்தில் அசலும் வட்டியுமாகச் சுமார் 12 லட்சம் செலுத்த வேண்டும். ஆலை வருஷத்தில் எட்டு மாதம் ஓடி, செலவு போக மாதம் 2 லட்சம் நின்றால் மொத்தம் 16 லட்சம். தவணை போக 4 லட்சம் மிச்சம். சுத்திகரிப்புக்கு வேண்டிய 8 லட்சம் ஆரம்பத்தில் விடப்பட்டது என்றும், கிழங்கு வரத்து மிகுந்த காலத்தில் ஆலை மூன்று மாதம் மூடப்பட்டது என்றும் வைத்துக்கொண்டால், வரவு 10 லட்சமாகிறது. தவணையில் 2 லட்சம் விழுந்துவிடுகிறது. தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன் வரிசையில் சேரும். வாராக்கடன் ஆன ஆலைக்குச் சுத்திகரிப்புக் கட்டப் புதுக்கடன் கொடுக்க எந்தப் பாங்கியும் எளிதில் முன்வராது. இவ்விதம் 8 லட்சத்தை மிச்சம் பிடிக்கப்போய் 50 லட்சமும் ஆபத்தில் சிக்குகிறது.

மாறாக, அந்த 8 லட்சத்தையும் சேர்த்து 58 லட்சமாகக் கடன் கொடுத்திருந்தால், முதல் வருஷத் தவணை சுமார் 14 லட்சம். மிச்சம் 2 லட்சம். லாபம் குறைவுதான், ஆனால் ஆலை நிற்காது.

ஆட்களின் விஷயம்

ஜலத்திற்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது ஆட்களை. கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து 1976-ல் சர்க்கார் வசமாயிற்று. அதே வருஷத்தில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. மலைவாசிகளுக்கோ, சமவெளியில் நிலமில்லாத ஜனங்களுக்கோ முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறிடம் போகக் கூடாதென்று வேலை வாங்குவது இச்சட்டப்படி குற்றம். அவ்வகைக் கடனும் சட்டத்தினாலேயே அழிந்துபோகிறது.

பாங்கி இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நடைமுறைச் செலவுக்கென்று வாங்கிய கடனில் ஒரு பகுதியை ஆலைக்காரர் ஆட்களின் முன்பணத்தில் முடக்கி, அதனைத் தமக்கு வர வேண்டிய பாக்கியாகக் கணக்கில் காட்டுவாராயின், அந்தப் பாக்கி சட்டத்தின் முன் வெறும் காகிதமே. அதனை ஆஸ்தியென்று நம்பிக் கடன் வரம்பை உயர்த்துவது மணலில் அஸ்திவாரம் போடுவதாகும்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாதென்று 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்லுகிறது. உலர்த்தும் களத்தில் தாயுடன் வரும் பிள்ளை துடைப்பம் எடுப்பதும் வேலையேயாகும். கழிவுத் தொட்டிகளிலும் சாணவாயுக் கலங்களைப் போன்ற மூடிய கலங்களிலும் விஷவாயு தங்கும். காற்றோட்டமும் பாதுகாப்புமின்றி அவற்றில் ஆள் இறங்கினால் உயிர்ச்சேதம் நேரும். அவ்விதம் ஓர் உயிர் போன ஆலை, நஷ்டஈடும் வழக்கும் சேர்ந்து மறுபடி எழுந்து நிற்பது அருமை.

சரக்கின் சுத்தமும் இதனுடன் சேர்ந்ததே. ஜவ்வரிசியை வெளுப்பாக்க ரசாயனங்களை அளவின்றிச் சேர்த்தால், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சரக்கு பறிமுதலாகலாம். சரக்கின்பேரில் கடன் கொடுத்த பாங்கியின் ஈடும் அதனுடன் போய்விடும்.

கிழங்கு விளையும் நிலம்

மரவள்ளி நட்டு முதல் மூன்று மாதம் வரையில் இலை விரிந்து நிலத்தை மூடுவதில்லை. மலைச்சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து நட்டால், அக்காலத்தில் பெய்யும் மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. கிழங்கு தோண்டும்போது மண் மறுபடியும் கிளறப்படுகிறது. இந்த மண் ஓடைகளின் வழியே கோமுகி, மணிமுக்தா ஆறுகளில் இறங்கி அணைகளில் படிகிறது. மேலே விளைச்சல் குறைவதும் கீழே பாசன ஜலம் குறைவதும் ஒரே காரணத்தால் வரும் இரண்டு நஷ்டங்கள்.

ஆகையால் மரவள்ளிப் பயிர்க்கடன் கொடுக்கும் சங்கங்கள், சரிவுக்குக் குறுக்கே பார் அமைத்தல், இடையிடையே கல்வரப்பு அல்லது வெட்டிவேர் வரிசை வைத்தல், முதல் மூன்று மாதத்தில் பயறு அல்லது நிலக்கடலையை ஊடுபயிராக விதைத்தல் ஆகியவற்றைக் கடன் நிபந்தனையுடன் சேர்த்துச் சொல்லலாம்.

பூச்சி, நோயும் கடனைச் சேர்ந்த விஷயமே. தேமல் நோய் நடவுக் குச்சி மூலமாகவும் வெள்ளை ஈ மூலமாகவும் பரவுகிறது. 2020-ல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பின்னர் இம்மாகாணத்திலும் பெரும் சேதம் விளைவித்தது. அதனை அடக்க ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து அனகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, 2022-ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிடப்பட்டது. கண்டபடி மருந்தடித்தால் இக்குளவியும் மடியும். ஒரே பயிரை நம்பிய ஆலைக்குக் கடன் கொடுப்பவர் இதனையும் விசாரிக்க வேண்டும்.

மலையில் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி வழங்கப்படும் நில உரிமை வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் பிறருக்கு விற்கவோ மாற்றவோ இயலாது. ஆகையால் அதனைப் பிறர் கடனுக்கு ஈடாக எழுதிவாங்குவது செல்லாது. குத்தகை என்ற பெயரால் அந்நிலத்தை ஆலைக்காரர் கைக்கொள்ளும் ஏற்பாடுகளுக்குப் பாங்கிப் பணம் போகாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் கொடுக்குமுன் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்குமுன் ஜலம், காற்று, ஜனங்கள் ஆகியவற்றுக்கு வரும் தீங்கை ஆராயும் முறையை 2003-ல் பத்துப் பெரிய பாங்கிகள் பொது விதிகளாக ஏற்றுக்கொண்டன. அவை கோடிக்கணக்கான டாலர் திட்டங்களுக்கானவை. சின்னசேலத்து ஆலை ஒன்று அக்கணக்கில் வராது. ஆயினும் சிறு கடனுக்கு வேண்டிய பரீட்சை எளிதானது. நிபுணர் கூட்டம் தேவையில்லை. ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தால் போதும்.

1. இசைவுப் பத்திரம் உண்டா, அதன் காலம் எதுவரை, அதில் எத்தனை டன் கிழங்குக்கு அனுமதி என்று பார்க்க வேண்டும். கடன் கேட்கும் இயந்திரம் அவ்வளவுக்கு மேற்பட்டதாயின் இசைவைத் திருத்திய பின்னரே கடன் கொடுக்க வேண்டும்.

2. கழிவு ஜலம் போகும் வழியைத் தொட்டியிலிருந்து கடைசிவரை காலால் நடந்து பார்க்க வேண்டும். வரைபடத்தில் பார்ப்பது போதாது.

3. ஆலைக்கு மேல்பக்கத்தில் ஒரு கிணறு, கீழ்ப்பக்கத்தில் இரண்டு கிணறுகள் ஆகிய மூன்றின் ஜலத்தையும் ஆலை தொடங்குமுன்பே பரீட்சை செய்வித்து, முடிவைக் கடன் கட்டில் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் தகராறு வந்தால் ஆலைக்காரருக்கும் குடியானவருக்கும் இதுவே நடுநிலைச் சாட்சி.

4. சுத்திகரிப்புச் செலவு திட்ட மதிப்பில் தனி இனமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத மதிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

5. ஆட்களின் சம்பளப் பதிவு, முன்பணக் கணக்கு, பிள்ளைகள் உண்டா என்பது ஆகியவற்றை, முதலாளி இல்லாத சமயத்தில் ஆட்களிடமே விசாரிக்க வேண்டும்.

6. அக்கம்பக்கத்துக் குடியானவர் மூவரையாவது, குடிஜலம் எடுக்கும் பெண்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாற்றம் எந்த மாதத்தில் வருகிறதென்பதை அவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் இல்லை.

கடன் கொடுத்த பின்

பணத்தை ஒரே முறையில் கொடாமல், சுத்திகரிப்புத் தொட்டி கட்டி முடிந்ததை நேரில் கண்டபின் கடைசிப் பகுதியைக் கொடுப்பது நலம். வருஷத்தில் ஒரு முறை, கிழங்கு அரைக்கும் மும்முரமான காலத்தில், முன்னறிவிப்பின்றிப் பார்வையிட வேண்டும். ஆலை ஓடாத கோடையில் பார்த்தால் எல்லாத் தொட்டியும் சுத்தமாகவே இருக்கும். அமில நிலை காட்டும் நிறக்காகிதம் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வெளிப்போகும் ஜலத்தில் அதை நனைத்து 5.5-க்குக் கீழே காட்டினால், சுத்திகரிப்பு சரியாக நடக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓர் ஆட்சேபணையும் சமாதானமும்

இவ்வளவு கேள்விகள் கேட்டால் சிறு தொழில் செய்பவர் பாங்கியை விட்டு வட்டிக்கடைக்குப் போய்விடுவாரே என்று சொல்லப்படுகிறது. இது தள்ளத்தக்க ஆட்சேபணையன்று. சிறு ஆலைக்காரர் பலர் கழிவை ஓடையில் விடுவது துர்ப்புத்தியாலன்று, கையில் பணமில்லாமையால். அவர்களைத் தள்ளிவிட்டால் கழிவும் நிற்காது, கிழங்கு விலையும் குறையும்.

ஆகையால் பரீட்சையின் நோக்கம் கடனை மறுப்பதன்று, கடனை முழுமையாக்குவது. சுத்திகரிப்புக்கும் சேர்த்துக் கொடுப்பதும், அப்பகுதிக்குத் தவணையைச் சற்று நீட்டுவதும் தக்கவை. சேலம், நாமக்கல் பக்கங்களில் பல ஆலைகள் கழிவு ஜலத்தை மூடிய கலங்களில் புளிக்கவைத்து எரிவாயு எடுத்து, அதனால் மின்சாரச் செலவையும் விறகுச் செலவையும் குறைத்திருக்கின்றன. வாயு எடுத்த பின்னரும் அந்த ஜலத்திற்கு மேற்கொண்டு சுத்தி தேவை என்பதை மறக்கலாகாது. தனியே கட்டச் சக்தியில்லாத ஆலைகள் அருகருகே இருந்தால், சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்குக் கடன் பெறலாம்.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும்

கூட்டுறவு சங்க அங்கத்தினர்கள் பொதுக்கூட்டத்தில் லாபப் பங்கை மட்டும் கேளாமல், ஆலைகளுக்குக் கொடுத்த கடனில் சுத்திகரிப்பு நிபந்தனை உண்டா என்றும் கேட்க வேண்டும். ஆலைக்குக் கிழங்கு கொடுப்போர் அதன் கழிவு போகும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடுதல் விலை கொடுக்கிறார் என்பதற்காகக் கிணற்றைக் கெடுப்பவரைப் பொறுத்துக்கொண்டால், அந்த விலை சில வருஷங்களில் போர்க்கிணறு ஆழப்படுத்தும் செலவில் போய்விடும்.

கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைப் பற்றிச் சான்று கொடுக்கும்போது, ஓடைப் புறம்போக்கு, குடிஜலக் கிணறு, ஏரி வரத்துக் கால்வாய் ஆகியவை ஆலைக்கு எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதையும் குறிப்பது உபகாரமாகும். ஊராட்சித் தலைவர் ஜனங்களின் புகாரைத் தேதியுடன் எழுதி வைத்தால், அது பாங்கிக்கும் வாரியத்திற்கும் உதவும்.

ஆலை வேண்டும், கடனும் வேண்டும். கிழங்கு விளைவிப்பவனுக்கு இவ்விரண்டும் இல்லாமல் முடியாது. ஆனால் பத்து வருஷத்துக் கடன் தீர்ந்த பின்னரும் ஊரில் குடிக்கத்தக்க ஜலம் இருக்க வேண்டும். மலையில் மண் இருக்க வேண்டும். ஆட்கள் மனமொப்பி வேலைக்கு வர வேண்டும். அவை நிலைத்திருந்தால்தான் ஆலைக்கும், அதற்குக் கொடுத்த கடனுக்கும் வாழ்வுண்டு. கடன் மனுவில் கையெழுத்திடுமுன் கழிவு ஜலத்தின் வழியை ஒரு முறை நடந்து பார்ப்பதே, பாங்கிக்கும் குடியானவனுக்கும் மலிவான இன்ஷ்யூரன்ஸ் ஆகும்.